ஜப்பான் பிள்ளைகள் வகுப்பில் வாய் திறக்க ஏன் தயங்குகிறார்கள்?

ஜப்பானியப் பள்ளிகளைப் பற்றி நம்மிடம் சுற்றும் பேச்சு இரண்டே வகை. ஒன்று, பிள்ளைகளே வகுப்பறையைத் துடைக்கிறார்கள், மதியச் சாப்பாட்டைப் பரிமாறுகிறார்கள், என்ன ஒழுக்கம் பாருங்கள் என்று மெச்சும் வாட்ஸ்அப் காணொளி. இன்னொன்று, அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள், பிறவியிலேயே கூச்சக்காரர்கள் என்ற இரக்கப் பேச்சு. இரண்டுமே அமைதி அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்றுதான் சொல்கின்றன. அதை நம்பிவிட்டால் மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை. ஆனால் ஜப்பானிய ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பில் நாற்காலியிலிருந்து எம்பி எம்பிக் கை தூக்கிய பிள்ளை, ஆறாம் வகுப்பில் ஏன் மேஜையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது?

ரத்தத்தில் ஊறியது என்றால் ஆறு வயதில் அல்லவா முதலில் தெரிய வேண்டும்?

## மைக் கைக்கு வந்தவுடன்

டீக்கடையில் தினமும் அரை மணி நேரம் அரசியல் பேசி நான்கு பேரை மடக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரைக் கல்யாண வரவேற்பில் மேடைக்குக் கூப்பிட்டு, "மணமக்களை வாழ்த்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கை நீட்டுகிறார்கள். "எல்லாருக்கும் வணக்கம்" வரை வந்துவிடுகிறது. அதற்கு மேல் குரல் கம்முகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிய பிறகு, சொல்ல வேண்டியது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறது.

அவருக்குத் தமிழ் மறந்துவிடவில்லை. விஷயம் இல்லாமலும் இல்லை. டீக்கடையில் பேச்சு கலந்து கட்டி ஓடும். பாதியில் நிறுத்தலாம், மாற்றிச் சொல்லலாம், வேறொருவர் குறுக்கே விழுந்து காப்பாற்றுவார். மேடையில் ஒருவர் மட்டும் பேசுகிறார், மற்ற எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. கேட்பவர்களோ நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டிய சொந்தக்காரர்கள். இந்த மூன்றும் சேர்ந்த ஓர் ஏற்பாட்டில்தான் ஒரு பத்து வயதுப் பிள்ளை வகுப்பில் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது.

## பெயர் என்ன, பொருள் என்ன

பிறரிடம் பேசும்போதோ, பேச வேண்டி வருமே என்று எதிர்பார்க்கும்போதோ எழும் பயத்தையும் படபடப்பையும் 'பேச்சுப் பதற்றம்' என்போம். இதை ஆய்வுப் பொருளாக்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் மெக்ராஸ்கி. 1970களில் அவர் கொடுத்த வரையறையில் கவனிக்க வேண்டியது 'எதிர்பார்க்கும்போது' என்ற பகுதி. பிள்ளை இன்னும் வாயே திறக்கவில்லை. ஆசிரியர் வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டு வருகிறார், தன் முறைக்கு இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். பதற்றம் அப்போதே உச்சத்துக்குப் போய்விடுகிறது. முதல் மூன்று பேர் என்ன சொன்னார்கள் என்பது அந்தப் பிள்ளையின் காதிலேயே விழாது.

மெக்ராஸ்கி உருவாக்கிய 24 கூற்றுகள் கொண்ட அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது இருவர் உரையாடல், சிறு குழு, கூட்டம், மேடைப் பேச்சு என்று நான்கு சூழல்களைத் தனித்தனியாக அளக்கும். ஒரே ஆள் ஒன்றில் சகஜமாகவும் இன்னொன்றில் நடுங்கியும் இருக்கலாம். ஆகவே 'இந்தப் பிள்ளை பேசாது' என்று மொட்டையாகச் சொல்வது பெரும்பாலும் தவறாகவே போகும். எங்கே, யார் முன்னால் பேசாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அதற்கு அர்த்தம் உண்டு.

இங்கே மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கூச்சம் என்பது சுபாவம். கூச்சமுள்ள எல்லோருக்கும் பதற்றம் வருவதில்லை. அமைதி என்பது வெளியே தெரியும் நடத்தை. அதற்குப் பின்னால் யோசனை இருக்கலாம், சலிப்பு இருக்கலாம், பசி இருக்கலாம். பதற்றம் என்பது உள்ளே நடப்பது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் 30 பேரில் யாருக்குப் பதற்றம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது.

நான்காவதாக ஒன்றையும் இப்போதே பிரித்து வைத்துவிடுவது நல்லது. வீட்டில் மளமளவென்று பேசும் குழந்தை, பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு சொல்லும் பேசாமல் இருப்பது உண்டு. இதற்குத் 'தேர்ந்த மௌனம்' என்று பெயர். ஜப்பானில் 'பமென் கன்மோகு' என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு இதைப் பதற்றக் கோளாறுகளில் ஒன்றாக வகைப்படுத்துகிறது. பிடிவாதம் என்று திட்டித் தீர்க்கக்கூடியது அல்ல. நிபுணரிடம் காட்ட வேண்டியது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை. சாதாரணப் பிள்ளைகளுக்கு வரும் சாதாரணப் பதற்றத்தைப் பற்றியது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பேச்சுப் பதற்றம் சூழலைப் பொறுத்து ஏறி இறங்கும், பேசுவதற்கு முன்பே தொடங்கிவிடும், வெளியே தெரியும் அமைதியை வைத்து அதை அளக்க முடியாது.

## உடம்புக்குள் நடப்பது

'எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், தப்பாகச் சொன்னால் என்னைக் குறைவாக நினைப்பார்கள்' என்று மனம் கணிக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப் பகுதிக்கு, நாய் துரத்துவதும் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்ப்பதும் பெரிய வித்தியாசமாகத் தெரிவதில்லை. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் அடித்துக்கொள்கிறது, வாய் உலர்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது. ஓடுவதற்கு உதவும் தயாரிப்புகள்தான் இவை. பேசுவதற்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை, கெடுதல்தான் உண்டு.

அடுத்த அடி நினைவின் மேல் விழுகிறது. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் வரை அதன் துண்டுகளை மனம் கையில் பிடித்து வைத்திருக்கிறதே, அந்தத் தற்காலிக இடத்துக்குச் 'செயல்படு நினைவு' என்று பெயர். அதன் கொள்ளளவு மிகச் சிறியது. 'குரல் நடுங்குகிறதோ', 'அவன் சிரிக்கிறானோ' என்ற எண்ணங்கள் அதில் புகுந்துவிட்டால், பதிலுக்கு இடம் இருக்காது. மேடையிலிருந்து இறங்கியதும் எல்லாம் நினைவுக்கு வருவது இதனால்தான். படிக்கவில்லை, அதனால்தான் முழிக்கிறான் என்ற முடிவுக்கு வரும் பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பதற்றத்தை நிரந்தரமாக்குவது. பிள்ளை கை தூக்காமல் இருந்துவிடுகிறது. ஆசிரியர் வேறொருவரைக் கேட்கிறார். 'அப்பாடா' என்று ஒரு நிம்மதி வருகிறதே, மூளை அதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறது: பேசாமல் இருந்தேன், தப்பித்தேன். அடுத்த முறை தவிர்ப்பது இன்னும் எளிது. தப்பாகச் சொன்னால் உண்மையில் என்னதான் ஆகிவிடும் என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே வராமல் போய்விடுகிறது. இதைத் 'தவிர்ப்புச் சுழற்சி' என்பார்கள்.

## ஜப்பானிய வகுப்பறையில் என்ன விசேஷம்?

மேலே சொன்னது எந்த நாட்டுக் குழந்தைக்கும் பொருந்தும். ஜப்பானுக்கே உரிய சில ஏற்பாடுகள் இதற்குத் தனி வடிவம் கொடுக்கின்றன.

தொடக்கப் பள்ளியில் பதில் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. பெயரைக் கூப்பிட்டதும் "ஹாய்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். எழுந்து, நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, மரியாதை நடையில் முழு வாக்கியமாகப் பேச வேண்டும். நண்பனிடம் பேசும் சாதாரண நடை வகுப்பில் எழுந்து பேசும்போது செல்லாது. வட்டார வழக்கையும் பொது வழக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். எழுத்துத் தமிழில் பேச்சுப் போட்டிக்கு நின்றவர்களுக்கு இந்தச் சுமை நன்றாகவே புரியும். சொல்லி முடித்ததும் பல வகுப்புகளில் மொத்த வகுப்பும் கோரஸாகத் தீர்ப்புச் சொல்லும்: "ஈ தெசு", அதாவது சரி. அல்லது "ஒனாஜி தெசு", எனக்கும் அதே பதில். தப்பாகப் போனால் "சிகாய்மாசு" என்று கேட்கும். அப்படி இல்லை என்று பொருள். ஆறு வயதில் இது விளையாட்டுப் போலத்தான் இருக்கிறது; யார் முந்திக் கத்துவது என்று போட்டி. பதினொரு வயதில் அதே கோரஸ் வேறு மாதிரி காதில் விழுகிறது.

அப்புறம், அந்த வகுப்பறையை விட்டு எங்கும் போக முடியாது. ஜப்பானில் நடுநிலைப் பள்ளியில்கூட பெரும்பாலான பாடங்களுக்குப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள்; ஆசிரியர்கள்தான் மாறி மாறி வருவார்கள். சாப்பாடும் பெரும்பாலும் அதே மேஜையில். துடைப்பதும் அதே தரையை. ஒரு வகுப்புக்கு அதிகபட்சம் 40 பேர் என்பது நெடுநாள் சட்டம். 2021இல் சட்டத்தைத் திருத்தி, தொடக்கப் பள்ளிகளில் படிப்படியாக 35 ஆகக் குறைத்தார்கள். அந்த 35 பேர்தான் காலையிலிருந்து மாலை வரை பார்வையாளர்கள். இரண்டாம் பீரியடில் உளறியதை மதியச் சாப்பாட்டில் ஒருவன் நினைவுபடுத்துவான்; இடம் மாறி உட்கார வழியில்லை.

இதோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. பதின்மத்தின் வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு எல்லோரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்ற நினைப்பு வலுக்கும். உளவியலாளர் டேவிட் எல்கைன்ட் 1967இல் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்' என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்க உள்ளதுதான். ஆனால் அந்த வயதில் ஜப்பானியப் பிள்ளை நடுநிலைப் பள்ளிக்குப் போகிறது. அங்கே சீனியர்-ஜூனியர் மரியாதை திடீரென்று இறுகுகிறது, உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு கண்ணுக்குத் தெரிகிறது. கற்பனைப் பார்வையாளர்களும் நிஜப் பார்வையாளர்களும் ஒரே அறையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இந்த நிலையில் கொரோனா வந்தது. பள்ளிகளில் எல்லோரும் முன்பக்கம் பார்த்தபடி பேசாமல் சாப்பிடும் வழக்கம் பரவியது. கல்வி அமைச்சகம் 2022 நவம்பரில்தான் சாப்பிடும்போது பேசலாம் என்று தெளிவுபடுத்தியது. 2023 ஏப்ரல் முதல் பள்ளியில் முகக்கவசம் கட்டாயமில்லை என்றான பிறகும் பலர் கழற்றவில்லை. பிள்ளைகள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'காவோ பன்ட்சு', முகத்துக்கு ஜட்டி. நம் ஊர்ப் பிள்ளைகளும் இதைவிட நாசூக்காகப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள்.

## ஆங்கில வகுப்பு: சரியாகச் சொன்னாலும் வம்பு

2011இல் ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலச் செயல்பாடுகள் கட்டாயமாயின. 2020இல் அது மூன்றாம் வகுப்புக்கு இறங்கியது. ஐந்து, ஆறாம் வகுப்புகளில் மதிப்பெண் உள்ள முறையான பாடமானது, ஆண்டுக்கு 70 பீரியட்.

அந்நிய மொழி வகுப்பில் எழும் பதற்றத்தை எலைன் ஹார்விட்சும் உடன் ஆய்வாளர்களும் 1986இல் தனியாக அளக்கத் தொடங்கினார்கள். பேச்சுப் பதற்றம், தேர்வுப் பயம், பிறர் குறைவாக எடைபோடுவார்களோ என்ற பயம், இந்த மூன்றும் அங்கே ஒன்றுசேர்கின்றன என்றார்கள். தாய்மொழியில் புத்திசாலியாகத் தெரியும் பிள்ளை, அரைகுறை மொழியில் தன்னைவிட மந்தமான ஒருவராகப் பேச வேண்டியிருக்கிறது. அது வலிக்கத்தானே செய்யும்?

ஜப்பானில் இதன் இன்னொரு பக்கமும் உண்டு. வெளிநாட்டில் சில ஆண்டுகள் வளர்ந்து திரும்பிய பிள்ளைகள் வகுப்பில் தங்கள் நல்ல உச்சரிப்பை மறைத்துக்கொண்டு, வேண்டுமென்றே ஜப்பானிய வாடையோடு ஆங்கிலம் பேசுவது அங்கே பலரும் அறிந்த சங்கதி. தப்புச் செய்துவிடுவோமோ என்பது மட்டும் பயமாக இருந்திருந்தால் அவர்கள் அப்படிச் செய்ய வேண்டியதே இல்லை. கூட்டத்திலிருந்து தனியாகத் தெரிந்துவிடுவோமோ என்பதுதான் கலவரம். தப்பும் தனியாகத் தெரியும். அளவுக்கு மீறிய சரியும் தனியாகத் தெரியும்.

வளர்ந்த பிறகும் இது தொடர்கிறது. ஜிம் கிங் என்ற ஆய்வாளர் ஜப்பானின் 9 பல்கலைக்கழகங்களில் 924 மாணவர்கள் இருந்த ஆங்கில வகுப்புகளை உட்கார்ந்து கவனித்தார். மாணவர்கள் தாங்களாகவே தொடங்கிய பேச்சு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

சுருக்கமாக: சம்பிரதாய நடை, கோரஸ் தீர்ப்பு, மாறாத பார்வையாளர்கள், பதின்ம வயது. இந்த நான்கும் ஒரே நேரத்தில் கூடும் இடத்தில்தான் கைகள் இறங்குகின்றன. ஆங்கிலம் அதை இன்னும் கூர்மையாக்குகிறது.

## 'அது அவர்கள் பண்பாடு' என்ற சுலபமான பதில்

பண்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. 'சூழலின் காற்றைப் படி', அதாவது யாரும் வாய்விட்டுச் சொல்லாததையும் உணர்ந்து நடந்துகொள் என்ற எதிர்பார்ப்பு ஜப்பானில் வலுவானது. மற்றவருக்குச் சங்கடம் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் முற்றி நோயாகும் நிலையை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மொரிட்டா ஷோமா என்ற மனநல மருத்துவர் விவரித்திருக்கிறார். 'என்னால் எல்லோருடைய நேரமும் வீணாகிறதே' என்று ஒரு பிள்ளை தயங்கும்போது அந்தக் கவலையின் மெல்லிய சாயல் தெரியலாம். ஆனால் பண்பாடு என்று சொல்லி நிறுத்தினால் கீழே வரும் காட்சி புரியாமலே போகும்.

1979இல் ஜேம்ஸ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஜப்பானில் ஒரு நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். கனசதுரத்தைத் தாளில் வரைவது பாடம். ஒரு பையனுக்கு வரவே இல்லை. ஆசிரியர் கூப்பிட்டது அவனைத்தான்: வா, கரும்பலகையில் வரை. அவன் வரைந்தான், கோணலாக வந்தது. ஆசிரியர் வகுப்பைப் பார்த்து, சரியா என்று கேட்டார். எல்லோரும் தலையை ஆட்டி இல்லை என்றார்கள். மறுபடி வரைந்தான். மறுபடி இல்லை. பீரியட் முழுக்க இது நடந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஸ்டிக்லருக்கு வியர்த்துக் கொட்டியது, பையன் எந்த நிமிடமும் அழுதுவிடுவான் என்று. அவன் அழவில்லை. கடைசியில் சரியாக வந்தது, வகுப்பே கைதட்டியது, அவன் போய் உட்கார்ந்தான்.

வியர்த்தது அமெரிக்கருக்கு, ஜப்பானியச் சிறுவனுக்கு அல்ல. அத்தனை பேர் பார்வையும் இருந்தது, தப்பும் இருந்தது, கோரஸ் தீர்ப்பும் இருந்தது. தப்பு என்பது அந்தப் பீரியடின் வேலை, அவனுடைய தகுதிச் சான்று அல்ல என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு வகுப்பை வைத்து நாட்டையே எடைபோட முடியாது. இதே முறையைத் தப்பான ஆசிரியர் கையில் கொடுத்தால் கொடுமையாகத்தான் முடியும். ஆனாலும் பார்வையாளர்கள் இருப்பதை விட, அவர்கள் எதைத் தீர்ப்பிடுகிறார்கள் என்பதே பதற்றத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது.

## கை தூக்கினால் மதிப்பெண்ணா?

ஜப்பானிய மதிப்பீட்டில் அறிவு, சிந்தனை ஆகியவற்றோடு 'கற்கும் மனப்பாங்கு' என்றும் ஓர் அம்சம் உண்டு. நடுநிலைப் பள்ளி மதிப்பெண்கள் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்கும் போகும். மனப்பாங்கை எப்படி அளப்பது? சில ஆசிரியர்கள் யார் எத்தனை முறை கை தூக்கினார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். பதற்றமுள்ள பிள்ளைக்கு இது இரட்டை அடி. பேசினாலும் பயம், பேசாவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்ற பயம். கை தூக்கிய எண்ணிக்கை போன்ற வெளித்தோற்றத்தை வைத்து மனப்பாங்கை மதிப்பிடக் கூடாது என்று கல்வி அமைச்சகத்தின் வழிகாட்டுதலே இப்போது சொல்கிறது. சரியான முடிவுதான், கொஞ்சம் தாமதமாக வந்தது.

## எது கைகொடுக்கிறது

முதலாவது, செலவே இல்லாதது: காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, முன்வந்து பேசும் பிள்ளைகளும் கூடினார்கள். மூன்று விநாடி என்றால் லேசாகத் தோன்றும். வகுப்பின் முன்னால் நின்று எண்ணிப் பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

இரண்டாவது, ஜப்பானிய ஆசிரியர்களின் பழைய கைப்பழக்கம். பிள்ளைகள் தனியாக எழுதிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் மேஜைகளுக்கு இடையே நடந்து நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே போவார். நல்ல யோசனை கண்ணில் பட்டால் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். ஜப்பானில் வட்டம் என்றால் சரி; நம் ஊர் டிக் குறி அங்கே தப்பு என்றாகிவிடும். "இதை அப்புறம் சொல்றியா?" என்று காதோரம் ஒரு கேள்வி. எழுந்து நிற்கும்போது தன் பதில் தேறிவிட்டது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். 'குறைவாக நினைப்பார்கள்' என்ற கணிப்பின் அடி வேர் அங்கேயே ஆட்டம் காண்கிறது.

மூன்றாவது, பார்வையாளர்களைப் படிப்படியாகக் கூட்டுவது. முதலில் பக்கத்து மேஜைக்காரரிடம். பிறகு 'ஹான்' என்ற நான்கைந்து பேர் குழுவில். கடைசியில்தான் முழு வகுப்பு. அதற்குள் அது 'என் பதில்' என்பதிலிருந்து 'எங்கள் குழுவின் பதில்' ஆகியிருக்கும். பல பள்ளிகளில் காலைக் கூட்டத்தில் அன்றைய முறைக்காரப் பிள்ளை ஒரு நிமிடம் பேசுவதும் இதே தர்க்கம்தான். தலைப்பு முன்பே தெரியும், நாள் முன்பே தெரியும், எல்லோருக்கும் முறை வரும். 'இன்று நீ' என்று திடீரென்று சுட்டிக்காட்டினால் அதே ஒரு நிமிடம் தண்டனையாகிவிடும்.

நான்காவது, கணினி. 2019இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் இப்போது ஜப்பானிய அரசுப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவர் கையிலும் ஒரு டேப்லெட்டோ மடிக்கணினியோ இருக்கிறது. பதிலைத் தட்டச்சு செய்தால் 35 பதிலும் ஒரே திரையில், பெயர் இல்லாமலும் காட்டலாம். இதுவரை குரலே கேட்டிராத பிள்ளையிடம் இவ்வளவு யோசனையா என்று ஆசிரியர்களுக்கு வியப்பு. இதில் ஒரு பொறியும் இருக்கிறது: தட்டச்சோடு நின்றுவிட்டால், வாய் திறக்காமலே தப்பிக்கும் சுழற்சிக்கு மின்சார இணைப்புக் கொடுத்தது போலாகும். அதனால் விவரம் தெரிந்த ஆசிரியர்கள் திரையோடு விடுவதில்லை. இரண்டு பதில்களைப் பெரிதாக்கிக் காட்டி, இதில் எது உங்களுக்குப் புதிதாகப் பட்டது என்று முதலில் மற்றவர்களிடம் கேட்கிறார்கள். நாலு பேர் "மூணாவது வரி நல்லா இருக்கு" என்று சொன்ன பிறகு, எழுதியவர் யார், இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா என்கிறார்கள்.